பிடரியில் ஒரு கை

"பையைக் குடுன்னு சொல்றேன்—"

"பையைத் தொடாதேன்னு நானும் சொல்றேன்—"

"கிரீம் அதுலதானேக்கா இருக்கு—"

"இல்ல, அது தீர்ந்து—"

"காலையில பஸ்ல பூசிக்கிட்டியே! வாசனை எனக்கு வரலையா?"

"அதோட தீர்ந்துபோச்சு. டப்பாவைத் தூக்கிப் போட்டுட்டேன்."

"பஸ்லயா போட்டே?"

"ஆமா, பஸ்லதான் போட்டேன். இப்ப என்ன, கண்டக்டரைக் கூப்பிட்டுச் சாட்சி சொல்லச் சொல்லணுமா?"

அன்று அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை. மேல்மாடிச் சிற்பக் கூடத்தில் அக்கா, தங்கை, ஒரு குதிரை தவிர வேறு யாரும் இல்லை. குதிரை வெண்கலம். அதன் மேல் உட்கார்ந்திருந்த ஆளும் வெண்கலம். அந்த ஆளின் மார்புக்கும் குதிரையின் கழுத்துக்கும் நடுவே ஒரு பொந்து. அக்காவின் வலது கை அதற்குள் மணிக்கட்டு வரைக்கும் போயிருந்தது. போன கை திரும்பி வரவில்லை.

இடது தோளில் பை தொங்கியது. ஜிப் போன வருஷமே பல்லிளித்துவிட்டதால் ஒரு ஊக்கு போட்டுத்தான் அதன் வாயை மூடி வைத்திருந்தாள். இடது கை அந்த ஊக்கின் மேலேயே இருந்தது. வலது கையைக் குதிரை விடவில்லை, இடது கையால் இவள் பையை விடவில்லை. மூக்கு அரித்தால் சொறிய ஆள் தேட வேண்டிய நிலைமை.

கிரீம் பையில்தான் இருந்தது. முக்கால் டப்பா இருந்தது. ஆனால் அதே பையில் பத்தொன்பது நாளாக ஒரு கடிதமும் இருந்தது. தங்கைக்கு வந்த கடிதம். அக்கா இன்னும் அதை வாசித்துச் சொல்லாத கடிதம்.

தங்கைக்குக் கண் போய் எட்டு வருஷம் ஆகிறது. முதலில் ஓரங்கள் போயின, பிறகு நடுவும் போனது. அதற்கு முன்னால் இருபது வருஷம் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கர். தைத்த துணியைத் தடவிப் பார்த்தே, எந்தத் துண்டு தலைகீழாகத் தைக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். கண் போன பிறகு அக்கா வீட்டுக்கு வந்தாள். அன்றிலிருந்து அவளுக்குச் செய்தித்தாள் அக்காதான், தபால் அக்காதான், பஸ் எண் அக்காதான், வானம் மூட்டமா வெயிலா என்பதும் அக்காதான்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் தூரத்து ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆள் கேட்டிருந்தார்கள். பார்வையில்லாதவர்களுக்குத் தையல் சொல்லித்தர ஓர் ஆசிரியை. தங்க அறையும் அங்கேயே. அக்காதான் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்தாள், அக்காதான் நேர்காணலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கிடைக்காது என்கிற தைரியத்தில்தான் அத்தனை அழகான கையெழுத்தில் பூர்த்தி செய்தாள். கிடைத்துவிட்டது. வருகிற புதன்கிழமைக்குள் சம்மதம் தெரிவிக்கவும், தவறினால் அடுத்தவரை அழைப்போம் என்று எழுதியிருந்தார்கள். நடுவில் ஒரு நாள்தான் பாக்கி.

ஒவ்வொரு சாயங்காலமும் தங்கை கேட்பாள், "தபால் ஏதாவது வந்துச்சாக்கா?" அக்கா செருப்பைக் கழற்றிக்கொண்டே சொல்வாள், "கரண்ட் பில்லுதான்." ஒரே மாதத்தில் அந்த வீட்டுக்கு நாலு தடவை கரண்ட் பில் வந்தது.

கிழித்துப் போட மனசு வரவில்லை. வாசித்துச் சொல்ல வாய் வரவில்லை. பையில் போட்டுக்கொண்டு வேலைக்கும் வீட்டுக்குமாக அலைந்தாள்.

"விரல் எப்படி இருக்கு? மரத்துப்போச்சா?" என்றாள் தங்கை.

"விரல் இருக்கு."

"ஆட்டிப் பாரு."

"ஆட்டிட்டுத்தான் இருக்கேன். உள்ள நல்லா இடமிருக்கு. வாசல்லதான் பிடிக்குது."

"அப்ப கிரீமைத் தடவினா வந்துடும்."

"சாவி அண்ணன் சோப்பு எடுக்கப் போயிருக்கார்ல, வரட்டும்."

சாவி அண்ணன் என்பவர் அங்கே முப்பது அறைகளுக்குச் சாவி வைத்திருக்கும் காவலர். இடுப்பில் அத்தனை சாவியும் தொங்குவதால் நடந்தால் மாட்டுவண்டி வருவது போலச் சத்தம் கேட்கும். பத்து நிமிஷத்துக்கு முன்னால் வந்து எட்டிப் பார்த்தவர், முதலில் குதிரையைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார். சுவரில் 'சிற்பங்களைத் தொடாதீர்கள்' என்று ஓர் அட்டை.

"எழுத்தம்மா, இந்த அட்டையை எழுதி மாட்டினது நீங்கதானே?"

"ஆமாண்ணே, நான்தான். சிரிச்சு முடிச்சுட்டு ஏதாவது செய்ங்க."

"சிரிக்கலைம்மா. பதினாலு வருஷமா ஒரு குழந்தைகூட இதுல கை விட்டதில்ல, அதைத்தான் யோசிக்கிறேன்."

அவளுக்கு அங்கே எழுத்தம்மா என்றுதான் பேர். ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் இருக்கும் விளக்க அட்டையை எழுதுவது அவள் வேலை. காதில் மாட்டிக்கொண்டு கேட்கும் கருவியில் பேசுவதும் அவள் குரல்தான். சாவி அண்ணன் கீழ்த்தளத்தில் சோப்பும் தண்ணீரும் எடுத்துவருவதாகச் சொன்னார். விடுமுறை நாளில் லிஃப்ட் ஓடாது, அவருக்கு முழங்கால் சரியில்லை.

"சோப்புக்கும் வரலைன்னா மீட்புக்காரங்களுக்குத்தான் போன் போடணும். அவங்க வந்தா அறுக்கிற மெஷினோடதான் வருவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"எதை அறுப்பாங்க?" என்று கேட்டாள் அக்கா.

"அது மேலிடம் முடிவு பண்ணும்மா" என்று படியிலிருந்து குரல் வந்தது.

இந்தக் கூத்துக்குக் காரணம் நாலு வரி எழுத்து. பார்வையில்லாதவர்கள் வந்து தொட்டுப் பார்க்கலாம் என்று அருங்காட்சியகம் புதிதாக ஓர் ஏற்பாடு செய்தது. முதலில் இந்தக் குதிரை. மெழுகு பூசித் தயாராக வைத்திருந்தார்கள். தொடுகிறவர்களுக்காக அக்கா ஒரு விளக்கம் எழுத வேண்டும், மத்தியானம் ஒலிப்பதிவு. அதற்கு முன்னால் தங்கை தொட்டுப் பார்த்துச் சொல்லட்டும் என்று கூட்டிவந்திருந்தாள்.

தங்கை தொடங்கியது வாலிலிருந்து. அவசரமே இல்லாமல் தொட்டாள். குளம்பில்லாத நாலு கால்களையும் தொட்டாள். நாலும் நாலு திசைக்கு விரிந்து, அடியில் அகலமாக, நட்டுவைத்த கட்டை மாதிரி நின்றன. வயிறு முழுக்க உளிக் கொத்து. விலாவில் ஒரு இடத்தில் யாரோ அரத்தால் தேய்த்துவிட்டுப் பாதியில் எழுந்துபோனது போலப் பளபளப்பு. மேலே இருந்தவனின் தொடையும் குதிரையின் முதுகும் சேரும் இடத்தில் கோடே இல்லை. முகம் ஒரு முட்டை. கண் இருக்க வேண்டிய இடத்தில் கட்டைவிரலால் அழுத்திய இரண்டு பள்ளம். வலது கை தோளோடு நின்றுவிட்டது. இடது கை மட்டும் நீண்டு, கழுத்தோடு இறங்கி, அந்தப் பொந்துக்குள் போய் மறைந்தது.

"இப்ப உன் அட்டையை வாசி" என்றாள்.

அக்கா மனப்பாடமாகவே சொன்னாள். "'குதிரை திமிறுகிறது. சவாரிக்காரன் தன் இடது கையால் பிடரியை இறுகப் பற்றியிருக்கிறான். விழுந்துவிடக் கூடாது என்கிற மனிதப் பிடிவாதத்தின் வடிவம் இது.'" பள்ளிப் பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டு போகிற வரிகள். அவளுக்கு அவற்றின் மேல் ஒரு பெருமை உண்டு.

"திமிறலையேக்கா."

"என்ன திமிறலை?"

"திமிறுற குதிரைக்கு வயிறு உள்ள இழுத்துக்கும். இதுக்குத் தொங்குது. காலைப் பாரு, நாலையும் ஊன்றி நிக்குது. இது நின்னு ரொம்ப நேரமாச்சு. இவன் இறங்குவான்னு காத்துட்டிருக்கு."

"கழுத்து மேல தூக்கியிருக்கே? வாய் பிளந்திருக்கே?"

"கூப்பிடும்போதும் வாய் பிளக்கும். கொட்டாவி விட்டாலும் பிளக்கும்."

"வெண்கலக் குதிரை கொட்டாவி விடுதுன்னு நான் ரெக்கார்டிங்ல சொல்லட்டுமா? சரி, அதை விடு. அந்தக் கை? பிடிச்சிருக்குல்ல?"

தங்கையின் கை ஒல்லி. பொந்துக்குள் வழுக்கிக்கொண்டு போனது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. வெளியே எடுத்தபோது அவள் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது, தொழிற்சாலையில் தப்பான துண்டைக் கண்டுபிடித்த நாளில் வரும் சிரிப்பு.

"பிடிக்கலைக்கா. கை விரிச்சிருக்கு."

"விளையாடாதே."

"நீட்டி வெச்சிருக்கான். தட்டிக்கொடுக்கிற மாதிரி. இறங்குறதுக்கு முன்னாடி, போதும்டா கண்ணுன்னு தட்டுவாங்கள்ல, அந்த மாதிரி."

"பதினாலு வருஷமா இதைப் பார்க்கிறேன் நான்."

"பார்த்தே. பொந்துக்குள்ள யார் பார்க்க முடியும்?"

அந்த ஒரு கேள்விக்காகத்தான் அக்கா பொந்துக்குள் கையை விட்டாள். கண்ணுள்ளவள் கை விட்டுப் பார்த்தாலும் அங்கே குருடுதான். விரல்களைக் குவித்துத் தள்ளினாள், கட்டைவிரல் மேடு வாசலில் இடித்தது, இன்னும் தள்ளினாள், சுருக்கென்று உள்ளே போய்விட்டது. உள்ளே சவாரிக்காரனின் கை இருந்தது. ஐந்து விரலும் தனித்தனியாக, விரிந்து, பிடரியின் மேல் லேசாகப் படிந்து. அதைவிட ஓர் அதிசயம், அது வழவழவென்று இருந்தது. உடம்பெல்லாம் கொத்தி, கீறி, தேய்த்துப் போட்டுவிட்டுப் போன சிற்பி, யார் கண்ணுக்கும் படாத இந்தக் கையை மட்டும் கன்னம் போல மெருகேற்றி வைத்திருந்தான்.

"என்ன?" என்றாள் தங்கை.

"பிடிச்சுத்தான் இருக்கான்" என்றாள் அக்கா. வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொல்லிவிட்டுக் கையை இழுத்தாள். வரவில்லை.

அதிலிருந்து கால் மணி நேரம் ஆயிற்று. இப்போது மணிக்கட்டு சிவந்து, கட்டைவிரல் மேடு விண்ணென்று தெறித்தது. கூடத்தின் ஜன்னல்கள் மேலே, உத்தரத்துக்குப் பக்கத்தில் இருந்தன. அங்கிருந்து விழுந்த வெளிச்சத்தில் குதிரையின் வயிற்றுக் கொத்துகள் ஒவ்வொன்றும் தனித்தனி நிழல் போட்டன. வந்தவர்களுக்கெல்லாம் இதன் பக்கத்தில் நின்று விளக்கிச் சொன்னவளுக்கு, அது தன்னைப் பார்த்து நிற்பது போல இன்றைக்குத்தான் தோன்றியது.

"நானே இழுத்துப் பார்க்கிறேன். நீ தள்ளி நில்லு" என்றாள்.

"இழுக்காதே, வீங்கும்."

"தள்ளி நில்லுன்னா நில்லேன்!"

பீடத்தில் ஒரு காலை உதைத்து, உடம்பைப் பின்னால் சாய்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். உயிர் போய் உயிர் வந்தது. கை வரவில்லை, பை போனது. தோளிலிருந்து வார் நழுவ, ஊக்கு பிளக்க, பை தலைகுப்புற விழுந்து வயிற்றில் இருந்ததையெல்லாம் தரையில் கொட்டியது. கண்ணாடிக் கூடு, சீப்பு, மாத்திரை அட்டை, வீட்டுச் சாவி, கிரீம் டப்பா. எல்லாவற்றுக்கும் கடைசியில், பழுப்பு உறையில் அந்தக் கடிதம்.

"பரவாயில்ல விடு, நான் அப்புறம் எடுத்துக்கிறேன்" என்றாள் அக்கா.

தங்கை அதற்குள் முட்டி போட்டுவிட்டாள். இரண்டு உள்ளங்கையையும் தரையில் பரப்பி, வட்டம் வட்டமாகத் துழாவினாள். சீப்பு அகப்பட்டது. சாவி அகப்பட்டது. உருண்டையாக ஒன்று அகப்பட்டது. மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள்.

"இது என்னக்கா, பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தே வந்துடுச்சா?"

அக்காவின் பார்வை உறையின் மேல் இருந்தது. தங்கையின் விரலுக்கும் உறைக்கும் நடுவே ஒரு சாண். வலது காலை நீட்டினாள். செருப்பு நுனியால் உறையைத் தொட்டு, தன் பக்கம் இழுத்தாள். சர்ரென்று ஒரு சத்தம்.

தங்கையின் கைகள் நின்றன.

"என்ன சத்தம்?"

"செருப்பு."

"பேப்பர் மாதிரி கேட்டுச்சு."

"அடி தேஞ்சு போச்சு, அப்படித்தான் கேக்கும்."

உறை முழுவதும் அவள் வலது பாதத்தின் கீழே வந்துவிட்டது. அதன் மேல் அழுத்தி நின்றாள். அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டாள். ஒரு கை குதிரையிடம், ஒரு கால் கடிதத்திடம். இனி மீட்புக்காரர்கள் இவளை எந்த இடத்தில் அறுப்பது என்று யோசிக்க வேண்டியதுதான்.

தங்கை எழுந்து வந்து அக்காவின் முழங்கையைப் பிடித்தாள். கிரீமை அள்ளி, கை நுழைந்த இடத்தைச் சுற்றிப் பூசினாள். பிறகு தன் இரண்டு விரலைப் பொந்தின் வாயில் விட்டு மெதுவாகத் தடவினாள். உள்பக்கமாக ஒரு தடவை, வெளிப்பக்கமாக ஒரு தடவை.

"ஓஹோ" என்றாள்.

"என்ன ஓஹோ?"

"வெல்வெட்டுக்கா. ஒரு பக்கம் தடவினா படியும், எதிர்ப்பக்கம் தடவினா சிலிர்க்கும்ல. சிற்பி உளியை உள்நோக்கியே போட்டிருக்கார். ஒவ்வொரு கொத்தும் ஒரு செதில். போகும்போது வழிவிட்டுச்சு, வரும்போது நிக்குது. நேரா இழுத்தா ஜென்மத்துக்கும் வராது."

"பின்ன?"

"குதிரைத் தலைப் பக்கம் கொத்து கம்மி. அந்தப் பக்கம் சாய்ஞ்சு திருப்பி எடுத்தா வந்துடும். கட்டைவிரலை உள்ளங்கைக்குள்ள மடக்கு. மடக்கினியா? இப்ப அப்படியே இடது பக்கம் ரெண்டு எட்டு வை."

இடது பக்கம் இரண்டு எட்டு. அக்கா கீழே பார்த்தாள். இடது காலை அகட்டி ஒரு எட்டு வைத்தாள். வலது கால் வைத்த இடத்திலேயே நின்றது.

"இன்னும்."

"அவ்வளவுதான் முடியும்."

"இன்னொரு காலை எடுத்து வைக்கா."

"சுளுக்கிக்கிச்சு."

"இப்பவா?"

"இப்பத்தான். பீடத்தை உதைச்சேன்ல, அப்ப."

கூடத்துக்கு வெளியே எங்கோ கீழே சாவிகள் குலுங்கின. சாவி அண்ணன் படியேறத் தொடங்கியிருந்தார். அக்காவின் கட்டைவிரலுக்குள் யாரோ சுத்தியால் அடித்துக்கொண்டிருந்தார்கள். நெற்றியிலிருந்து வியர்வை வழிந்து கண்ணில் எரிந்தது. துடைக்கக் கை ஒன்று சும்மாதான் இருந்தது, அது அவளுக்குத் தோன்றவில்லை. தான் நிற்கிற நிலையைப் பார்த்தாள். காலை விரித்து, ஊன்றி, வாயைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டு. எதிரே குதிரையும் அப்படியே நின்றது.

"அக்கா, அவர் வந்து போன் போட்டா அப்புறம் இந்த ஆளோட கையை அறுத்துடுவாங்க" என்றாள் தங்கை. குரல் ரொம்ப மெதுவாக இருந்தது. "காலை எடு."

வலி ஒரு பக்கம் இழுத்தது. பயம் ஒரு பக்கம் இழுத்தது. வலிதான் ஜெயித்தது. அக்கா வலது காலைத் தூக்கினாள்.

பாதத்தில் ஒட்டிக்கொண்டு அரை அடி வந்த உறை, சடசடத்துக்கொண்டு தரையில் விழுந்தது. தங்கை குனிந்தாள். இந்தத் தடவை துழாவவே இல்லை. சத்தம் வந்த இடத்தில் நேராகக் கையை வைத்தாள். எடுத்தாள். உறையின் இடது மேல் மூலையில் கட்டைவிரலை ஓட்டினாள். அங்கே பள்ளியின் முத்திரை புடைப்பாக அச்சிடப்பட்டிருந்தது. ஒரு வட்டம், அதற்குள் ஓர் ஊசி, ஊசிக் காதில் நூல். நேர்காணல் நாளில், வரவேற்பறையில் கொடுத்த காகிதத்தில் அதே முத்திரையை மணிக்கணக்காகத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள்.

உறையை மடக்கவில்லை, பிரிக்கவில்லை. வலது கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். கிட்டே வந்து மறுபடி அக்காவின் கையைப் பிடித்தாள்.

"ரெண்டாவது எட்டு வை" என்றாள். "சாய். இன்னும் சாய். மணிக்கட்டைத் திருப்பு, பூட்டைத் திறக்கிற மாதிரி."

அக்கா சொன்னபடியெல்லாம் செய்தாள். தங்கை கேட்டுவிட்டால் தேவலை என்று இருந்தது. கேட்காமல் இப்படிக் கிரீம் பூசுகிறாளே என்று இருந்தது.

"எப்ப வந்துச்சு?" என்றாள் தங்கை.

"எது?"

"அக்கா."

"…பத்தொன்பது நாள் ஆச்சு."

"கிடைச்சிருச்சா?"

"ம்."

"எப்பக்குள்ள சொல்லணும்?"

"புதன்கிழமை."

"இந்தப் புதனா?"

"ம்."

தங்கை மூக்கை உறிஞ்சினாள். "ஓஹோ. அதான் கரண்ட் பில்லு அப்படி ஏறுச்சா?"

"அங்கே படி ஜாஸ்தி" என்றாள் அக்கா. அடைத்த மடை திறந்தது போல வார்த்தைகள் முட்டிக்கொண்டு வந்தன. "வாசல்லயிருந்து மாடிக்கு முப்பத்திரண்டு படி. கைப்பிடி ஒரு பக்கம்தான். ரோட்டைத் தாண்டினாத்தான் கடை. ராத்திரி காய்ச்சல் வந்தா யாரு? மாத்திரை அட்டையில எது எதுன்னு யாரு சொல்லுவா? நீ பாட்டுக்குச் சட்டையைத் திருப்பிப் போட்டுட்டு வகுப்புக்குப் போவே—"

"முப்பத்திநாலு."

"என்ன?"

"படி. முப்பத்திநாலு. நீ ரெண்டு விட்டுட்டே. அங்கே படிக்கிறதெல்லாம் கண்ணில்லாதவங்கக்கா, சட்டையைத் திருப்பிப் போட்டா யார் பார்க்கப் போறாங்க?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"எட்டு வருஷமா எனக்கு எல்லாம் வாசிச்சுச் சொன்னியே" என்றாள் தங்கை. "வேற எதெல்லாம் விட்டே?"

"ஒண்ணும் விடலை."

"என் குடை சிவப்புன்னு சொன்னே."

"சிவப்புதான்."

"நிஜமா?"

"…கொஞ்சம் பழுப்பு கலந்தது. அந்தக் கடையில சிவப்பு இல்ல. நீ சிவப்புதான் வேணும்னு அடம் பிடிச்சே."

"சரி. இந்த ஆளோட கை? அதையும் சொல்லிடு."

பொந்துக்குள் அக்காவின் விரல்கள் சவாரிக்காரனின் விரல்களின் மேலேதான் இருந்தன. வெண்கலம் முதலில் சில்லென்று இருந்தது. இவ்வளவு நேரத்தில் அவள் சூடு அதில் ஏறிவிட்டது. எது தன் விரல், எது அவன் விரல் என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி இருந்தது.

"விரிச்சிருக்கு" என்றாள்.

"பிடிக்கலைல்ல?"

"பிடிக்கலை."

"அட்டையை மாத்தி எழுதுவியா?"

"எழுதுறேன்."

"என்னன்னு?"

அக்கா குதிரையை நிமிர்ந்து பார்த்தாள். பதினாலு வருஷமாக அவன் விழாமல் இருக்கப் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்று ஊருக்கெல்லாம் சொன்னாள். இறங்கப் போகிறவன் என்று எழுதினால், இறங்கிய பிறகு அந்தக் குதிரை என்ன செய்யும் என்று யாராவது கேட்பார்கள். நாலு காலையும் ஊன்றிக்கொண்டு, முதுகில் ஒருவருமில்லாமல், ஆறரை மணி பஸ்ஸில் வீட்டுக்குப் போய், விளக்கைப் போட்டு, யாருக்கும் எதையும் வாசித்துச் சொல்லாமல் அது எப்படி நிற்கும்?

தங்கை உறையைக் கக்கத்திலிருந்து எடுத்து நீட்டினாள். "இந்தா. ஒரு எழுத்து விடாம வாசி. தேதியிலேர்ந்து, அடியில கையெழுத்து வரைக்கும்."

"இப்பவா?"

"இப்பத்தான்."

"கை மாட்டியிருக்கேம்மா. எப்படிப் பிரிப்பேன்?"

"இன்னொரு கை சும்மாதானே இருக்கு?"

"ஒத்தைக் கையால முடியாதும்மா. கண்ணாடி வேற கீழே கிடக்கு. இது முதல்ல வெளியே வரட்டும், சாவி அண்ணன் சோப்பு கொண்டுவரட்டும், அப்புறம் நிதானமா உட்கார்ந்து…"

சாவிகளின் சத்தம் மாடித் திருப்பத்துக்கு வந்துவிட்டது. வாளித் தண்ணீர் தளும்புவதுகூடக் கேட்டது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். சற்று முன்பு மணிக்கட்டைத் திருப்பியபோதே கட்டைவிரல் மேட்டுக்கும் செதிலுக்கும் நடுவே ஏதோ ஒன்று வழிவிட்டிருந்தது. வலி நின்றிருந்தது. இப்போது கையைச் சுற்றி நூலிழைக்குக் காற்று இருந்தது, கிரீம் வழுவழுத்தது. அவள் அந்த விரிந்த விரல்களுக்குள் தன் விரல்களைக் கோத்து, இறுக்கிக்கொண்டாள்.

"இன்னும் வரலையா, எழுத்தம்மா?" என்று சாவி அண்ணன் படியிலிருந்தே கத்தினார். "போன் போட்டுடட்டுமா?"

தங்கையின் இடது கை அக்காவின் முழங்கைக்குக் கீழே, இறுகிய சதையின் மேல் இருந்தது. அங்கே அது லேசாக ஒரு தரம் அழுத்தியது. தடவியது. நின்றது.

"கை எப்பவோ வந்துடுச்சுக்கா. வெளிய எடு."